பிரசவம் வரை தள்ளிப்போடச் சொன்ன பல்வலி: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் பற்றிய பதிவு இது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதுவும் இதில் கிடையாது. அபூர்வமான நோய் ஒன்றும் அவருக்கு வரவில்லை. கர்ப்ப காலத்தில் பல்லும் ஈறும் எப்படிப் படிப்படியாகக் கெடுகின்றன, எந்தெந்த இடத்தில் அதைத் தடுத்து நிறுத்தியிருக்க முடியும் என்பது இவர் விஷயத்தில் வரிசையாகத் தெரிந்தது. அதனால்தான் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. இதில் வரும் மருந்துகளும் அளவுகளும் இவருடைய நிலையைப் பார்த்து முடிவு செய்தவை. வேறு யாரும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் அதையே பின்பற்றக் கூடாது.

பின்னணி

வயது 29. இரண்டாவது கர்ப்பம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் எதுவும் இல்லை; மருந்து ஒவ்வாமையும் இல்லை. முதல் பிரசவம் சுகப்பிரசவம். அந்த முறை கர்ப்பமாக இருந்தபோது இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்திருக்கிறது. குழந்தை பிறந்த பிறகு அதைப் பிடுங்கிவிட்டார்கள்.

பிள்ளைக்கு ஒரு பல் போகும் என்று அவருடைய அம்மா அப்போதே சொல்லியிருந்தார். சொன்னபடியே நடந்ததால் இவருக்கும் அது நம்பிக்கையாகிவிட்டது. இந்த முறை வலது பக்கத்தில் கூச்சம் தொடங்கியபோது, இதுவும் போகப்போகிறது என்று மனதளவில் அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். அவர் ஏன் அவ்வளவு தாமதமாக வந்தார் என்று யோசிக்கும்போது இந்த நம்பிக்கையையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. எப்படியும் போகப்போகிற பல்லுக்காக யாரும் அலைய மாட்டார்கள்.

எங்களிடம் வருவதற்கு முன்

எட்டாவது வாரத்தில் குமட்டலும் வாந்தியும் தொடங்கின. நாளுக்கு மூன்று நான்கு முறை வாந்தி. பேஸ்டின் வாசனை பட்டாலே குமட்டியதால் காலையில் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு, வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்திருக்கிறார். வெறும் வயிற்றில் குமட்டல் கூடும் என்பதால் அவ்வப்போது எதையாவது கொறித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பத்தாவது வாரத்தில் ஈறில் ரத்தம் வர ஆரம்பித்தது. பிரஷ் பட்டால்தானே ரத்தம் வருகிறது என்று இரவிலும் முன்பற்களை மட்டும் லேசாகத் தேய்த்துவிட்டு விட்டுவிடுவார். ரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் இருப்பது இயல்பான எண்ணம்தான். ஆனால் ஈறு ஓரத்தில் படியும் அழுக்குதான் ரத்தத்துக்குக் காரணம். அதைத் தொடாமல் விட்டால் ரத்தம் கூடும்.

பன்னிரண்டாவது வாரம் வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில் குளிர்ச்சி பட்டால் சுருக்கென்று கூசியது. அடுத்த வாரமே ஒரு பல் மருத்துவரிடம் போயிருக்கிறார். இதைக் குறிப்பிட்டுச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இவர் அலட்சியமாக இருந்தவர் அல்ல. அங்கே வரவேற்பில் கர்ப்பம் என்று சொன்னதும், "பிரசவம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். வாயைத் திறந்து யாரும் பார்க்கவில்லை. என்ன செய்ய வேண்டும், எது நடந்தால் உடனே வர வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. மகப்பேறு மருத்துவரிடம் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தார். அங்கே பல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பல்வலியை அங்கே போய்ச் சொல்வதா என்று இவரும் சொல்லவில்லை.

பதினெட்டாவது வாரம் ராத்திரியில் விண்விண் என்று வலித்து எழுப்பியிருக்கிறது. வீட்டில் இருந்த வலி மாத்திரையைப் போட்டிருக்கிறார். அதில் பாராசிட்டமாலோடு ஐபுப்ரோஃபென் கலந்திருந்தது அவருக்குத் தெரியாது. விட்டுவிட்டு சுமார் இரண்டு வாரம் இப்படிப் போனது. இருபதாவது வாரத்தில் வலி தானாக நின்றுவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

வலி நின்ற இந்தக் கட்டம்தான் பலரை ஏமாற்றுகிறது. சொத்தை ஆழமாகி நரம்பைத் தொட்டால் வலிக்கும். நரம்பு செத்துப்போனால் வலி நிற்கும். கிருமி மட்டும் வேரின் நுனி வழியாக எலும்புக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும். இவருக்கும் அப்படித்தான் ஆனது. ஒரு வாரம் கழித்துக் கன்னம் வீங்கியது.

முதல் நாள் பார்த்தவை

இருபத்தோராவது வாரத்தில் கணவரோடு வந்தார். வலது தாடை ஓரம் வீங்கி, தொட்டால் சூடாகவும் வலியாகவும் இருந்தது. காய்ச்சல் 101 டிகிரி ஃபாரன்ஹீட். வாயை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியவில்லை.

பல்லைப் பார்க்கும் முன் வேறு சிலவற்றை உறுதி செய்துகொண்டோம். எச்சில் விழுங்க முடிகிறதா, நாக்கு மேலே தூக்கப்பட்டிருக்கிறதா, நாக்கின் அடியில் இறுக்கம் இருக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்தோம். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியில் இறங்கிப் பரவினால் மூச்சுக்குழாயை நெருக்கும் ஆபத்து உண்டு. இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் அவரை நாற்காலியில் உட்கார வைக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியிருப்போம். நல்லவேளை, வீக்கம் பல்லைச் சுற்றியே நின்றிருந்தது.

வலது கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் பழைய அடைப்பின் ஓரமாகப் பெரிய சொத்தை. தட்டினால் கடும் வலி. அந்தப் பல்லின் அருகே கன்னப் பக்கத்து ஈறு மெத்தென்று புடைத்திருந்தது, உள்ளே சீழ். மற்ற இடங்களில் ஈறு எங்கும் சிவந்து, வீங்கி, ஈறின் ஆழத்தை அளக்கும் கம்பி பட்டதும் ரத்தம் கசிந்தது. கீழ் முன்பற்களின் உள்பக்கம் காரை கட்டியிருந்தது. மேல் வரிசையில் முன்பல்லுக்கும் கோரைப் பல்லுக்கும் நடுவே சுமார் 8 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிவந்த சதை வளர்ந்திருந்தது. மேல் முன்பற்களின் உள்பக்கம் எனாமல் மழமழவென்று தேய்ந்திருந்தது. அது வாந்தியில் வரும் அமிலத்தின் வேலை.

அவர் பேசத் தயங்கினார். கடைசியில் கேட்டது ஒரே கேள்விதான்: "டாக்டர், இந்த மாத்திரையெல்லாம் போட்டதுல குழந்தைக்கு ஏதாவது ஆயிருக்குமா?"

வீட்டிலிருந்த மாத்திரைப் பட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லித் தொலைபேசியிலேயே கேட்டிருந்தோம். அந்தப் பையில் ஐபுப்ரோஃபென் கலந்த மாத்திரையோடு, கணவருக்கு முன்பு எழுதிக்கொடுத்து மீந்துபோன டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைப் பட்டை ஒன்றும் இருந்தது. வீக்கத்துக்கு இதைப் போடலாமா என்று முந்தின இரவு இருவரும் பேசியிருக்கிறார்கள். போடவில்லை. டாக்ஸிசைக்ளின் இருக்கும் டெட்ராசைக்ளின் வகை மருந்துகள், கர்ப்பத்தின் இரண்டாம் பாதியில் குழந்தையின் வளரும் பற்களில் படிந்து நிரந்தரக் கறையை உண்டாக்கக்கூடியவை. கர்ப்பிணிக்குப் பல் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லும்போது, அந்த வலியோடு அவர் வீட்டில் என்ன செய்வார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இந்தப் பை அதற்குச் சாட்சி.

மகப்பேறு மருத்துவரோடு பேசியது

சிகிச்சை தொடங்கும் முன் அவருடைய மகப்பேறு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். சிகிச்சை செய்யலாமா என்று அனுமதி கேட்பதற்காக அழைக்கவில்லை. சிகிச்சை அவசியம் என்பது தெளிவாக இருந்தது. எங்களுக்கு வேண்டியது தகவல்: ரத்த அழுத்தம், ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, கர்ப்பத்தில் வேறு சிக்கல் ஏதாவது உண்டா என்பது. லேசான ரத்தசோகை தவிர எல்லாம் சரியாக இருந்தன. வழக்கமாக 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் கர்ப்பகால சர்க்கரைச் சோதனை இன்னும் ஆகவில்லை. தொற்று இருப்பதால் சர்க்கரையை அன்றே ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார். அளவு இயல்பாக இருந்தது.

ஐபுப்ரோஃபென் விஷயத்தையும் சொன்னோம். இந்த வகை வலி மாத்திரைகளை 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கச் சொல்லி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020ல் எச்சரித்திருக்கிறது. அவை கருவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். கடைசி மூன்று மாதங்களில் கருவின் இதயத்தருகே இருக்கும், பிறந்த பிறகே மூட வேண்டிய ஒரு ரத்தக்குழாய் முன்னதாகவே சுருங்கும் அபாயமும் உண்டு. இவர் எடுத்தது குறைவு, அதிலும் பெரும்பகுதி 20 வாரத்துக்கு முன்பு. இருந்தாலும் அந்த வாரமே ஸ்கேனில் நீரின் அளவைப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. அந்தச் செய்தி வந்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் தயக்கம் எக்ஸ்ரேயில் வந்தது. கணவர் வேண்டவே வேண்டாம் என்றார். அவருடைய பயத்தை ஒதுக்கித் தள்ளாமல் கணக்கைச் சொன்னோம். பல்லுக்கு எடுக்கும் ஒரு சிறிய எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு சில மைக்ரோசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் எல்லோரும் இயற்கையாகப் பெறுவது உலக சராசரியாக வருடத்துக்குச் சுமார் 2,400 மைக்ரோசீவர்ட், அதாவது நாளொன்றுக்கு ஆறு ஏழு. ஆக அந்த ஒரு படம், ஏறத்தாழ ஒரு நாள் சும்மா இருந்தாலே உடம்பில் படும் அளவு. அதுவும் தாடையை நோக்கிப் போகிறது. கருப்பைக்குச் சிதறிப் போய்ச் சேர்வது மிக மிகச் சொற்பம். கருவுக்குக் கேடு விளைவதாக அறியப்பட்ட அளவு இதைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். கர்ப்ப காலத்தில் தேவையான பல் எக்ஸ்ரே எடுக்கலாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2013லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வயிற்றிலும் கழுத்திலும் ஈயக் கவசம் போட்டு ஒரே ஒரு படம் எடுத்தோம். இன்றைய கருவிகளுக்குக் கவசமே தேவையில்லை என்று 2024ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அறிவித்திருக்கிறது. இருந்தாலும் அவர்கள் இருவருடைய மன நிம்மதிக்காகப் போட்டதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

படத்தில் வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தது. வேர்கள் நன்றாகவே இருந்தன.

அடுத்த கேள்வி, பல்லைப் பிடுங்குவதா, வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து காப்பாற்றுவதா என்பது. பிடுங்குவதும் கர்ப்ப காலத்தில் செய்யக்கூடியதுதான், தேவைப்பட்டால் செய்யவும் வேண்டும். ஆனால் இடது பக்கக் கடைவாய்ப் பல் ஏற்கெனவே போயிருந்தது. வலது பக்கத்திலும் போனால் நன்றாக மெல்ல ஒரு பக்கம்கூட மிஞ்சாது. நல்ல சத்தான உணவு வேண்டிய நேரத்தில் மெல்ல முடியாமல் போவது சின்ன விஷயமில்லை. பல்லின் மேல்பகுதி போதுமான அளவு மிஞ்சியிருந்தது. வேர் சிகிச்சை என்று முடிவு செய்தோம். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இந்தப் பல் பிழைக்கும் என்று சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை.

மரத்துப்போக அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் ஊசி போட்டோம். கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும், பாதுகாப்பானதாகக் கருதப்படும் மருந்து அது. ஊசி முனை ரத்தக்குழாயில் இல்லை என்பதை உறிஞ்சிப் பார்த்து உறுதி செய்துகொண்டு மெதுவாகச் செலுத்தினோம். மருந்துக்குப் பயந்து மரக்காமல் சிகிச்சை செய்வதை நான் ஏற்கமாட்டேன். வலியும் பதற்றமும் உடம்பிலேயே அட்ரினலினைச் சுரக்க வைக்கும்.

சிகிச்சை நடந்த விதம்

இருபது வாரத்துக்கு மேல் மல்லாந்து படுத்தால், கனத்த கருப்பை முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து தலைசுற்றல், வியர்வை, மயக்கம் வரலாம். அதனால் நாற்காலியை முழுவதும் சாய்க்கவில்லை. வலது இடுப்பின் அடியில் ஒரு சிறிய தலையணை வைத்து உடம்பை இடப்பக்கம் லேசாகச் சரித்து உட்கார வைத்தோம். தலை சுற்றினால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தோம். இடையிடையே நிறுத்தி எழுந்து உட்கார நேரம் கொடுத்தோம்.

பல்லைத் திறந்ததும் வேர்க் குழாய் வழியாகச் சீழ் வந்தது. ஈறுப் புடைப்பிலும் சிறிய கீறல் போட்டு வடித்தோம். உள்ளே சுத்தம் செய்து கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தோம். காய்ச்சலும் கன்ன வீக்கமும் இருந்ததால் அமாக்சிசிலின் 500 மில்லிகிராம் நாளுக்கு மூன்று வேளை, ஐந்து நாள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் தேவைப்பட்டால். சீழை வடிக்காமல் வெறும் ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மாத்திரை தற்காலிகமாக அடக்கும். பல்லுக்குள் கிருமி இருக்கும்வரை அது திரும்ப வரும். அப்போது கர்ப்பம் இன்னும் முற்றியிருக்கும்.

மறுநாள் காய்ச்சல் இல்லை. மூன்றாவது நாள் வீக்கம் பாதிக்கு மேல் வற்றியிருந்தது. இருபத்து மூன்றாவது வாரத்தில் வேர் சிகிச்சையை முடித்து, பல் நிற அடைப்பு வைத்தோம். பாதரசம் கலந்த அமால்கம் அடைப்பைக் கர்ப்ப காலத்தில் புதிதாக வைக்காமல் தவிர்ப்பது நல்லது. பல்லுக்கு மேல் போடும் மூடியை (கிரவுன்) பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டோம். தள்ளிப்போடக்கூடிய வேலை இது. இதைத் தள்ளிப்போட்டதில் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

ஈறு

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் பல மடங்கு கூடுகின்றன. ஈறின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து கசிவு கூடுகிறது, அழுக்கில் உள்ள கிருமிகளுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பும் மாறுகிறது. முன்பு தாங்கிக்கொண்ட அதே அளவு அழுக்குக்கு இப்போது ஈறு வீங்கிச் சிவக்கும். லோ, சில்னஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1963ல் வெளியிட்ட ஆய்வில், ஈறு அழற்சி இரண்டாம் மாதத்திலிருந்து கூடிக்கொண்டே போய் எட்டாம் மாதத்தில் உச்சத்தை அடைந்து பிறகு குறைவதைப் பதிவு செய்தார்கள். கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓரளவாவது இது வருகிறது. ஹார்மோன் தானாக ஈறைக் கெடுப்பதில்லை. அழுக்கு இருந்தால்தான் கெடுக்கிறது. ஹார்மோனைக் குறைக்க முடியாது, அழுக்கை எடுக்க முடியும் என்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

வீக்கம் அடங்கிய பிறகு, இரண்டு முறையாகப் பிரித்து ஸ்கேலிங், அதாவது கருவியால் காரையை எடுத்துச் சுத்தம் செய்தோம். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், தேயும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். முதல் முறை பாதி வாயைச் சுத்தம் செய்து அனுப்பி, அடுத்த முறை கண்ணாடியில் இரண்டு பாதியையும் காட்டினோம். சுத்தம் செய்த பக்கம் ஈறு இளஞ்சிவப்பாக இறுகியிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

இந்தக் கட்டத்தில் கணவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். ஈறு நோய் இருந்தால் குறைமாதத்தில் குழந்தை பிறக்கும் என்று படித்தேன், உண்மையா என்றார். 1996ல் ஆஃபன்பாக்கர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, கடுமையான ஈறு நோய்க்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஆனால் 2006ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 823 கர்ப்பிணிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கர்ப்பத்திலேயே ஈறு சிகிச்சை, மற்றவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு என்று செய்து பார்த்தார்கள். குறைமாதப் பிரசவம் முதல் குழுவில் 12.0 சதவீதம், அடுத்ததில் 12.8 சதவீதம். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆகவே ஸ்கேலிங் செய்தால் குறைமாதப் பிரசவம் தடுக்கப்படும் என்று அவருக்கு நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: கர்ப்ப காலத்தில் சிகிச்சை செய்ததால் தாய்க்கோ குழந்தைக்கோ கெடுதல் கூடவில்லை. தாயின் ஈறு நன்றாகிறது. சிகிச்சை செய்ய அந்த ஒரு காரணமே போதும். பயமுறுத்தி வரவழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மேல் ஈறில் வளர்ந்த சதை

அவரை அதிகம் கலங்க வைத்தது இதுதான். பல்வலியைப் பற்றிப் பேசியதைவிட இதைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்தான் அந்தக் கலக்கம் தெரிந்தது. புற்றுநோயோ என்று பயந்து, கணவரிடம்கூட வாயைத் திறந்து காட்டவில்லை.

கர்ப்ப காலத்தில் நூறில் சிலருக்கு இப்படி ஈறு இடுக்கில் சதை வளர்வதுண்டு. பெரும்பாலும் மேல் முன்பற்களின் பக்கம், நாலாம் மாதத்துக்குப் பிறகு வேகமாக வளரும். நிறைய ரத்தக்குழாய்கள் கொண்டது என்பதால் தொட்டாலே ரத்தம் வரும். புற்றுநோய் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் சுருங்கிவிடும்.

வெட்டி எடுத்துவிடுங்கள் என்று அவர் கேட்டார். வேண்டாம் என்று சொன்னோம். கர்ப்பத்தில் வெட்டினால் ரத்தப்போக்கு அதிகம், ஹார்மோன் அப்படியே இருப்பதால் மறுபடி வளரும் வாய்ப்பும் அதிகம். மெல்லும்போது கடிபடவில்லை, தானாக ரத்தம் கொட்டவில்லை. இந்த இரண்டில் ஒன்று நடந்தால் காத்திராமல் எடுத்துவிடுவோம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம். அதன் அடியில் ஒளிந்திருந்த காரையை மட்டும் கவனமாக எடுத்தோம். வரும்போதெல்லாம் அளவெடுத்துப் படம் பிடித்து வைத்தோம். படங்களை அவருக்கும் காட்டினோம். முப்பதாவது வாரத்துக்குப் பிறகு அது வளரவில்லை.

வாந்தியும் வீட்டுப் பராமரிப்பும்

வாந்தி எடுத்ததும் பல் துலக்கும் பழக்கம் இவருக்கு இருந்தது. பகலில் மற்ற நேரத்தில் துலக்காதவர், வாய் நாற்றம் தாங்காமல் அப்போது மட்டும் அழுத்தித் துலக்கியிருக்கிறார். அமிலம் பட்டு மென்மையான எனாமலை அந்த நேரத்தில் பிரஷ் தேய்த்தெடுத்துவிடும். ஒரு கப் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளிக்கச் சொன்னோம். அது அமிலத்தை முறிக்கும். அரை மணி நேரமாவது கழித்துத் துலக்க வேண்டும்.

பேஸ்ட் வாசனை பிரச்சினைக்கு, குழந்தைகளுக்கான சிறிய தலை கொண்ட மென்மையான பிரஷ், மணம் குறைந்த ஃபுளோரைடு பேஸ்ட் என்று மாற்றினோம். காலையில்தான் துலக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, குமட்டல் குறைவாக இருக்கும் எந்த நேரத்திலும் துலக்கலாம் என்று சொன்னது அவருக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. தலையைக் குனிந்து, கடைவாயிலிருந்து தொடங்காமல் முன்பக்கத்திலிருந்து பின்னால் போனால் குமட்டல் குறையும். பேஸ்டே ஒத்துக்கொள்ளாத நாளில் வெறும் பிரஷால் அழுக்கை எடுத்துவிட்டு, ஃபுளோரைடு பேஸ்டை இரவு படுக்கும் முன் பயன்படுத்தினார். ரத்தம் வரும் இடத்தை விட்டுவிடாமல், அங்கே மென்மையாக, ஆனால் முழுமையாகத் துலக்க வேண்டும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாவது சந்திப்புக்கு அவருடைய அம்மாவையும் வரச் சொன்னோம். வீட்டில் கவனித்துக்கொள்வது அவர்தான். "ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பல் போறது வழக்கம்தானேங்க" என்றார். குழந்தைக்கு வேண்டிய கால்சியம் தாயின் உணவிலிருந்து போகிறது. போதாவிட்டால் எலும்பிலிருந்து எடுக்கப்படும். வளர்ந்து முடிந்த பல்லிலிருந்து கால்சியத்தை உடம்பு திரும்ப எடுப்பதில்லை. முதல் கர்ப்பத்தில் பல் போனதற்குக் காரணம் வாந்தி, அடிக்கடி கொறித்தது, சரியாகத் துலக்காதது, சொத்தையை நேரத்தில் அடைக்காதது. இதையெல்லாம் அம்மா பொறுமையாகக் கேட்டார். தனக்கு இரண்டு பல் போனதையும் சொன்னார். அவருடைய அனுபவம் பொய்யில்லை, காரணம்தான் வேறு என்று சொன்னபோது ஏற்றுக்கொண்டார்.

பிரசவமும் பிறகும்

39வது வாரத்தில் சுகப்பிரசவம். குழந்தை 2.9 கிலோ. இது பல் சிகிச்சையின் பலன் என்று நான் சொல்லமாட்டேன், சொல்லவும் முடியாது.

மூன்று மாதம் கழித்து வந்தபோது ஈறில் ரத்தக்கசிவு ஓரிரு இடங்களில் மட்டும் இருந்தது. மேல் ஈறுச் சதை 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கி, வெளுத்து இறுகியிருந்தது. தானாக முழுவதும் மறையாததால் மரக்கவைத்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். தீங்கற்றது என்று முடிவு வந்தது. தாய்ப்பால் கொடுப்பவருக்கும் லிக்னோகெயின் ஊசி போடலாம், பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. கடைவாய்ப் பல்லுக்கு மேல்மூடி வைத்தோம். ஆறு மாதத்துக்குப் பிறகு எடுத்த படத்தில் வேர் நுனியில் எலும்பு திரும்ப வளரத் தொடங்கியிருந்தது.

மாற வேண்டியவை

பதின்மூன்றாவது வாரத்தில் இவர் பல் மருத்துவரிடம் போனபோது தேவைப்பட்டது அநேகமாக ஒரு அடைப்பும் ஒரு ஸ்கேலிங்கும்தான். குழந்தைக்கு ஆபத்து வரக்கூடாது என்று நினைத்தே அப்போது திருப்பி அனுப்பினார்கள். எட்டு வாரம் கழித்து அவருக்கு ஆன்டிபயாட்டிக், தாடை முழுவதும் மரக்கும் ஊசி, கீறல், காய்ச்சல் எல்லாம் சேர்ந்தன. நடுவில் தெரியாமல் போட்ட ஐபுப்ரோஃபென் வேறு. எதற்கெல்லாம் பயந்து தள்ளிப்போட்டார்களோ, அவை எல்லாமே தள்ளிப்போட்டதால் அதிகமாகின. சிகிச்சை செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் பக்கவிளைவு உண்டு என்பதை வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர் வரை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். வசதியான காலம் பொதுவாக நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை. வலியும் வீக்கமும் இருந்தால் எந்த மாதமும் சரியான மாதமே.

இதற்குப் பிறகு எங்கள் மருத்துவமனையில் தொலைபேசி எடுப்பவருக்கு ஒரு விதி எழுதி வைத்தோம். கர்ப்பம் என்று சொல்பவரை மருத்துவர் பார்க்காமல் தேதி தள்ளிக் கொடுக்கக் கூடாது. வலியோ வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் அன்றே பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

இந்த நிகழ்வில் இருந்த இன்னொரு இடைவெளி மகப்பேறு மருத்துவமனையில். முதல் பரிசோதனையிலேயே மூன்று கேள்விகள் கேட்டிருந்தால் பத்தாவது வாரத்திலேயே இவர் எங்களிடமோ வேறு பல் மருத்துவரிடமோ வந்திருப்பார். ஈறில் ரத்தம் வருகிறதா, பல்லில் வலி அல்லது கூச்சம் இருக்கிறதா, கடைசியாக எப்போது பல்லைக் காட்டினீர்கள் என்பவைதான் அவை. அவருடைய மகப்பேறு மருத்துவரோடு பேசி, இந்த மூன்றையும் அங்கே நிரப்பும் படிவத்தில் சேர்த்திருக்கிறோம். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பக்கக் குறிப்புத்தாளும் திரும்பப் போகிறது: என்ன சிகிச்சை, எத்தனையாவது வாரம், எக்ஸ்ரே எடுத்தோமா, என்ன மருந்து கொடுத்தோம், அடுத்து எப்போது வர வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்களையும் முன்கூட்டியே அனுப்பிவைக்கும்படி கேட்டிருக்கிறோம். முன்பே சொத்தையை அடைத்துக் காரையை எடுத்துவிட்டால் இந்தப் பதிவில் உள்ள பெரும்பாலானவை நடக்க வாய்ப்பே குறைவு.

இவருடைய குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும் அரிசிமணி அளவு ஃபுளோரைடு பேஸ்டில் துலக்கத் தொடங்கவும், ஒரு வயது முடிவதற்குள் கொண்டுவந்து காட்டவும் சொல்லியிருக்கிறோம். தாயின் வாயில் உள்ள சொத்தைக் கிருமி எச்சில் வழியாகக் குழந்தைக்குப் போகும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரையும் ஒரே நாளில் பார்க்கும்படி தேதி கொடுத்திருக்கிறோம்.